காகம் யாருக்காகக் கரைகிறது?

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் மதியத்தை ஒட்டி ஒரே சத்தமாக இருக்கும். "கா... கா... கா..." கூப்பிடுவது மனிதர்கள். வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, ஒரு கரண்டி கத்தரிக்காய்க் கறி. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தால், காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் சனி விரதக்காரர் சாப்பிடலாம். அவருக்குப் பசி. காகத்துக்கோ அன்றைக்கு எந்த மாடிக்குப் போனாலும் விருந்து. காலி வீதிக் கம்பிகளில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் ஒன்று வரும். வந்தவுடன் தின்னாது. இரண்டு தரம் கரையும். அடுத்த நிமிடம் நாலைந்து காகங்கள் இலையைக் கிழித்துக்கொண்டிருக்கும். அம்மா எங்களைப் பார்த்துச் சொல்லுவார்: "பாருங்கோ, தனியச் சாப்பிடாது. மற்றதுகளையும் கூப்பிட்டுத்தான் சாப்பிடும். உங்களுக்கும் இருக்கே, ஒரு சொக்லேட்டைப் பங்குபோடத் தெரியாது." வள்ளுவரே காகத்துக்கு இந்த நற்சான்றிதழைக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

மறுத்துப் பேசியவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் காட்டில் இருந்தார். பேர்ண்ட் ஹைன்ரிச் என்ற உயிரியலாளர் 1984இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ரேவன் எனப்படும் பெரிய காக இனம், பனிக்காலத்தில் செத்த மிருகம் ஒன்றைக் கண்டால் சத்தம் போட்டு மற்ற ரேவன்களை அழைக்கிறது. உணவு அருமையான காலம். கிடைத்த இறைச்சி ஒரு பறவைக்குப் பல நாள் காணும். பிறகு ஏன் ஊரைக் கூட்டுகிறது? ஹைன்ரிச் பல குளிர்காலங்கள் செத்த ஆடுமாடுகளைக் காட்டுக்குள் இழுத்துப்போட்டு, மறைவிலிருந்து பார்த்தார். 1989இல் அவர் எழுதிய நூல் ஒரு துப்பறியும் கதையைப் போலவே நகரும்.

கரைந்தவை எல்லாம் சொந்த இடம் இல்லாத இளம் பறவைகள். காட்டின் அந்தப் பகுதியை ஆளும் சோடிப் பறவைகள் இறைச்சியைக் கண்டால் வாயே திறப்பதில்லை. சத்தமின்றித் தின்றுவிட்டுப் போகும். அந்நிய இளம் பறவை ஒன்று கிட்ட வந்தால் அடித்துத் துரத்தும். தனி இளம் பறவைக்கு அங்கே ஒரு துண்டும் கிடைக்காது. பத்துப் பதினைந்து சேர்ந்துவிட்டால் சோடியால் என்ன செய்ய முடியும்? ஆக, கூப்பிடும் பறவை தன் பங்கில் கொடுக்கவில்லை. கூப்பிட்டால்தான் அதற்குப் பங்கே உண்டு. காணி உள்ள காகம் கரைவதில்லை என்பதை நான் முதன்முதலில் வாசித்தபோது, அது பறவைகளைப் பற்றிய செய்தியாக மட்டும் எனக்குப் படவில்லை.

மார்க் எல்கர் என்ற ஆய்வாளர் 1986இல் சிட்டுக்குருவிகளிடம் இன்னும் எளிமையான சோதனை ஒன்றைச் செய்தார். பாணைத் தூளாக்கிப் போட்டால் முதலில் வந்த குருவி மற்றவற்றை அழைத்தது. அதே அளவு பாணை ஒரே துண்டாக வைத்தால் அழைக்கவில்லை. தூள் எல்லாருக்கும் பிரியும். கூட்டமாகத் தின்றால் பூனை வருகிறதா என்று ஒவ்வொன்றும் தலை தூக்கிப் பார்க்க வேண்டிய நேரம் குறையும். ஒற்றைத் துண்டோ ஒருவர் வாய்க்குத்தான். குருவிக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்ல வரவில்லை. கணக்குச் சரியாக வந்த குருவிகளின் பிள்ளைகள்தான் இன்று உயிரோடு இருக்கின்றன.

ரேவனுக்குக் கிடைத்த விடையை அப்படியே எங்கள் பல்கனிக் காகத்தின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. இனம் வேறு, ஊர் வேறு. ஆனால் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஒன்றும் அசரவில்லை. "எதுக்காகக் கூப்பிட்டா என்ன, கடைசியில எல்லாக் காகமும் சாப்பிட்டதுதானே?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளுவரும் அதே பக்கம்தான் நிற்கிறார். காகத்தைப் பற்றிய அவருடைய குறள் சுற்றந்தழால் அதிகாரத்தில் வருகிறது. காகத்தின் குணம் உடையவர்களுக்குச் செல்வமும் வந்து சேரும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். பகிர்கிறவனுக்கு இலாபம் உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. சுயநலம் கலந்துவிட்டால் நற்செயல் கெட்டுவிடும் என்பது, ஒரு துளி மோர் பட்டால் பால் முழுவதும் திரிந்துவிடும் என்பது போன்ற எண்ணம். உயிரியல் அந்த எண்ணத்தை ஏற்பதில்லை.

பிரிட்டனில் பிறந்து 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, புவனேஸ்வரத்தில் இறந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மரபியலாளரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சகோதரனுக்காக உயிரைக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "ஒருவனுக்காக மாட்டேன். இரண்டு சகோதரர்களுக்காக, அல்லது எட்டு மச்சான்மாருக்காகக் கொடுப்பேன்" என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். உடன்பிறந்தவரோடு நமக்குப் பொதுவாக இருக்கும் மரபணுப் பங்கு பாதி. பெற்றோரின் உடன்பிறந்தவர்களுடைய பிள்ளைகளோடு எட்டில் ஒன்று. ஹால்டேன் இறந்த அதே 1964இல் வில்லியம் ஹமில்டன் என்ற உயிரியலாளர் இந்த நகைச்சுவையைக் கணிதமாக்கினார்: பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் பங்கால் பெருக்கினால் வரும் தொகை, கொடுப்பவரின் இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தத் தியாகக் குணம் தலைமுறை தலைமுறையாகப் பரவும். ரிச்சர்ட் டோக்கின்ஸ் 1976இல் 'சுயநல மரபணு' என்று நூலுக்குப் பெயர் வைத்தது இதைக் குறித்துத்தான். சுயநலம் மரபணுவுக்கு, அது குடியிருக்கும் தாயோ குழந்தைக்காக இரவு முழுக்க விழித்திருப்பாள். தலைப்பை மட்டும் வாசித்தவர்கள் அதை மனிதனுக்கான சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளவத்தையில் பாதி வீடுகளின் வாடகை ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறது என்று பகிடியாகச் சொல்வோம். எட்டில் ஒரு பங்கு உறவுக்கு ஒருவர் பனியில் இரட்டை வேலை செய்து அனுப்பும் பணத்தை ஹமில்டனின் சூத்திரம் முழுதாக விளக்காது. ஆனால் பணம் எந்தத் திசையில் முதலில் போகும் என்பதை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும்.

காகங்களை இங்கே விடுகிறேன். சுயநலத்தின் உண்மையான ஆய்வுகூடம் 2022இல் காலி வீதியிலேயே திறந்தது.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் செட்டுகளில் இராணுவம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. ஜூன் 27இல், அத்தியாவசியச் சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்றார்கள். கியூ செட்டில் தொடங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பி மரைன் டிரைவ் வரை போகும். மனிதர்கள் வாகனத்துக்குள் தூங்கினார்கள், பல் துலக்கினார்கள், அலுவலக வேலையைத் தொலைபேசியில் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் தனித்தனிக் கியூ. வெற்றுச் சிலிண்டர்கள் மனிதர்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன.

அந்தக் கியூவில் நின்ற எவரும் தன்னைச் சுயநலக்காரர் என்று நினைத்திருக்க மாட்டார். நானும் நினைக்கவில்லை. முறை வந்தபோது, கொடுத்த அளவு முழுவதையும் வாங்கினேன். தாங்கி பாதிக்கு மேல் இருந்தபோதும் மறுபடி போய் நின்றேன். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால்? அந்த "வந்தால்?" தான் ஒவ்வொருவர் தாங்கியிலும் இருந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 இலட்சம் வாகனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக முள் சிவப்புக்கு வந்த பிறகு அடிப்பவர்கள், பயத்தில் பாதியிலேயே போய் நிரப்பத் தொடங்குகிறார்கள். சராசரியாக ஒரு தாங்கியில் 5 லீற்றர் மேலதிகமாக நிற்கிறது. 50 இலட்சம் லீற்றர்! யாரும் ஒரு கிலோமீற்றர்கூடக் கூடுதலாக ஓடவில்லை. செட்டின் நிலத்தடியில், எல்லாருக்கும் பொதுவாக, கிடக்க வேண்டிய பெற்றோல் ஆளுக்காள் பிரிந்து தாங்கிகளில் சும்மா நிற்கிறது. அதனால் செட் வெறுமையாகிறது. வெறுமையான செட்டைப் பார்த்துப் பயம் கூடுகிறது. பயம் இன்னும் 5 லீற்றர் கேட்கிறது. தட்டுப்பாடு உண்மையானது, டொலர் இல்லை, கப்பல் வரவில்லை. அந்த உண்மையான தட்டுப்பாட்டின் மேல் எங்கள் தற்காப்பு இன்னொரு மாடியைக் கட்டியது.

டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இருவர் இதே கணக்கை வங்கிகளுக்கு எழுதியது 1983இல். எல்லாரும் பணத்தை விட்டுவைத்தால் வங்கி நிற்கும். மற்றவர்கள் எடுக்கப் போகிறார்கள் என்று தோன்றினால் முதலில் ஓடிப்போய் எடுப்பதே புத்திசாலித்தனம். எல்லாரும் புத்திசாலிகளானால் நல்ல வங்கியும் விழும். பேராசை கொண்டவர் ஒருவர்கூட அந்தக் கணக்கில் தேவையில்லை. நாங்கள் கியூவில் நின்ற அதே 2022இல்தான், ஒக்டோபரில், அவர்களுக்குப் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டது. செட்டுகளிலேயே அந்தப் பாடத்தைப் படித்து முடித்திருந்தோம்.

ஜூலை 16இல் கியூ.ஆர். முறையில் தேசிய எரிபொருள் அட்டைக்குப் பதிவு தொடங்கியது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓடிப் பிழைப்பவருக்கு 5 லீற்றர் எந்த மூலைக்கு? அந்த அநியாயத்தைப் பற்றி நிறையப் பேசலாம். அளவுகள் பின்னர் கூட்டப்பட்டன. எனக்கு இங்கே முக்கியம் வேறு. சில வாரங்களில் கியூக்கள் சுருங்கின. நாங்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டோமா? கிடையாது. அடுத்த கிழமையும் என் 4 லீற்றர் எனக்கே இருக்கும், மேல் மாடிக்காரர் அதை அள்ளிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தவுடன், இன்றைக்கே ஓட வேண்டிய காரணம் போய்விட்டது. நாம் சுயநலம் என்று திட்டுவதில் பெரும்பகுதி பயம். பயத்தை உபதேசத்தால் குறைத்தவர்களை நான் கண்டதில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் குறைத்தது.

பயத்தின் கணக்கில் சேர்க்க முடியாதவர்களும் இருந்தார்கள். கியூவில் எல்லாரும் ஒரே மாதிரிக் கோபப்பட்டது ஒரு சாதியிடம் மட்டும்: இடையில் புகுந்தவர்களிடம். வாங்கியதை போத்தலில் ஊற்றிக் கூடிய விலைக்கு விற்றவரைக்கூடச் சிலர் "பாவம், அவனும் என்ன செய்வான்" என்றார்கள்; குறுக்கே வந்து மூக்கை நுழைத்த வாகனத்துக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளரின் குழு நியூயோர்க் நகரில் 129 வரிசைகளில் தன் மாணவர்களை வேண்டுமென்றே இடையில் புகவைத்துப் பார்த்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டது. ஒருவர் புகுந்தால் ஏறக்குறையப் பாதி வரிசைகளில் எதிர்ப்பு. இருவர் புகுந்தால் பத்தில் ஒன்பதில். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் புகுந்தவருக்குப் பின்னால் நின்றவர்கள். முன்னால் நின்றவருக்கு நட்டமில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

பின்னால் நிற்பவர் விலை கொடுக்கிறார், அவர் சம்மதிக்கவில்லை, அவர் முகம் தெரிகிறது. இந்த மூன்றும் சேரும்போது நம் மூளை உடனே "அநியாயம்" என்கிறது. புல் டாங்க் அடித்த எனக்கு அந்த முகம் தெரியவில்லை. செட்டில் "பெற்றோல் இல்லை" என்ற பலகை தொங்கியபோது வரிசையில் நூறாவதாகவோ நூற்றைம்பதாவதாகவோ நின்றவர் அவர். என்னுடைய தவறு குறுக்கே புகுந்தவரின் தவறைவிடச் சிறியது என்று அன்று நம்பினேன். அளவில் சிறியதா, கண்ணுக்குத் தெரியாததா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்.

முகம் தெரியும் இடமும் உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கம் பெண்கள் பிடிக்கும் சீட்டைப் பாருங்கள். சிங்களத்திலும் அதற்கு அதே சொல்தான். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 10,000 ரூபாய், குலுக்கலில் வருபவருக்கு ஓர் இலட்சம். தனியே சேமித்தால் ஓர் இலட்சம் கையில் வரப் பத்து மாதம் ஆகும். சீட்டில் முதல் ஆளுக்கு முதல் மாதமே. இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் மாதம். கடைசி ஆளுக்குப் பத்தாம் மாதம், தனியே சேமித்திருந்தாலும் அவருக்கு அப்போதுதான். ஒன்பது பேருக்கு இலாபம், ஒருவருக்கும் நட்டமில்லை. ஐயாயிரம் பக்கப் பொருளாதாரம் படிக்காமலே எங்கள் ஆச்சிமார் கண்டுகொண்ட இந்த உண்மையை பெஸ்லி, கோட், லௌரி என்ற மூன்று பொருளியலாளர் 1993இல் சூத்திரங்களோடு நிரூபித்தார்கள்.

அதில் சேர்பவள் தையல் மெசினுக்காகவோ மகளின் பள்ளிக்கூடச் செலவுக்காகவோ சேர்கிறாள். மற்ற ஒன்பது பேரின் நன்மைக்காகச் சேரவில்லை. சீட்டுப் பிடிக்கும் அக்கா பெரும்பாலும் முதல் சீட்டைத் தானே எடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிக் காசு தண்டுவது அவர்தான். ஆபத்து எங்கே என்றால், இரண்டாம் மாதம் இலட்சத்தை எடுத்தவள் மிச்சம் எட்டு மாதம் கட்டுவாளா என்பதில். கட்ட வைப்பது பொலிஸ் கிடையாது. ஒரே படிக்கட்டு, ஒரே குழாயடி, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பக்கத்துப் பக்கத்து மெழுகுவர்த்தி. இங்கே பின்னால் நிற்பவரின் முகம் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இதுவரை சொன்னவை இலேசான கேள்விகள். பெற்றோல், சீட்டு, பாண் துண்டு. விலை உயிராக இருந்தால்?

பீட்டர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர் 1972இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதை எழுதியபோது கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வெளியேறியிருந்தார்கள். ஆழமில்லாத குளத்தில் குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உடுப்பில் சேறு படும், இறங்க வேண்டாமா? வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் நிற்கும் எவரும் இறங்குவார். அப்படியானால் தூரத்தில் சாகும் குழந்தைக்காகவும், அதே அளவு முக்கியமான ஒன்றை இழக்காத வரையில், கொடுக்க வேண்டும் என்கிறார் சிங்கர். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். அதன்படி வாழ்வது அதைவிடக் கடினம். 1982இல் சாமுவேல் ஷெஃப்லர் என்ற தத்துவ அறிஞர் ஒரு மாற்றைச் சொன்னார்: தன் வாழ்க்கை, தன் பிள்ளை, தன் வேலை இவற்றுக்கு மற்றவர்களுடையதைவிடச் சில மடங்கு கூடுதல் எடை போட மனிதனுக்கு உரிமை உண்டு. எத்தனை மடங்கு? ஹமில்டன் பாதி, எட்டில் ஒன்று என்று எண் தருகிறார். ஷெஃப்லர் தருவதில்லை. அறத்தில் எண்ணை எதிர்பார்ப்பதே பிழை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கதவு தட்டப்படும்போது ஏதோ ஓர் எண்ணோடுதான் எழுந்து போகிறோம்.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்துக்கு அருகில் தொடங்கிய வன்முறை அடுத்த நாள் வெள்ளவத்தைக்கு வந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை எண் பார்த்துக் கொளுத்தினார்கள். தமிழர்கள் மதில் ஏறிக் குதித்து அயல் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். பல சிங்களவர்களும் முஸ்லிம்களும் திறந்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் கூரைக்குள்ளும் மறைத்து, வாசலில் நின்று "இங்கே ஒருவரும் இல்லை" என்று பொய் சொன்னார்கள். திறக்காத கதவுகளும் இருந்தன.

திறந்தவர்களைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியவர்களைச் சாமுவேல், பேர்ல் ஒலினர் தம்பதியர் நூற்றுக்கணக்கில் பேட்டி கண்டு 1988இல் நூலாக்கினார்கள். அந்தத் தரவுகளைப் பின்னர் மறுபடி அலசியவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள்: யாரோ நேரில் வந்து கேட்டார்களா என்பதே பெரிய வேறுபாடாக இருந்தது. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் உதவினார்கள். முகம் மறுபடியும்.

திறக்காதவர்களை என்ன சொல்வது? உள்ளே அவர்களுக்கும் பிள்ளைகள். தமிழரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கும் தீதான். ஜே.ஓ. அர்ம்சன் என்ற தத்துவ அறிஞர் 1958இல் மகான்களையும் வீரர்களையும் பற்றி எழுதியபோது சொன்னது இதுதான்: சில செயல்கள் செய்தால் புகழத்தக்கவை, செய்யாவிட்டால் குற்றம் சொல்ல முடியாதவை. கியூவில் பயன்பட்ட என் அளவுகோல் — யார் விலை கொடுக்கிறார், அவர் சம்மதித்தாரா — இங்கே முறிந்துபோகிறது. திறந்தாலும் மூடினாலும் சம்மதிக்காத ஒருவர் விலை கொடுக்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் அன்று அம்மாவுக்குக் கதவு திறந்த வீடு ஒன்று. அதற்கு முன் அவர் தட்டிய வீடு ஒன்று. அங்கே யன்னல் சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஆனால் அம்மா சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோது, எப்போதும் பூட்டிக்கிடக்கும் அந்த வீட்டின் பின் கேட்டில் பூட்டு இல்லை. கொண்டி மட்டும் தொங்கியது. அந்த வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. பூட்டை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று இரண்டு தரப்பும் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அம்மா இரண்டு வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தனுப்பினார். இரண்டு தட்டிலும் ஒரே அளவா வைத்தீர்கள் என்று பல வருடம் கழித்து ஒருமுறை கேட்டேன். "அதென்ன கேள்வி" என்று சொல்லிவிட்டு, இலையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.